சமையலறையைக் கட்டம் கட்டமாக மாற்றிய கதை: என் நோட்டுப் புத்தகத்திலிருந்து

எங்கள் சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம். சிம்னி ஒன்றைத் தவிர, அதை முழுசாக மாற்றி முடிக்க மூன்று வருஷம் ஆனது. அதற்காகக் கடன் வாங்கவில்லை. அந்த மூன்று வருஷத்தில் அடுப்பு வேறு அறைக்குப் போனது மொத்தம் 11 நாள்தான். பணம் மொத்தமாகச் சேரட்டும் என்று வருஷக்கணக்கில் வலிக்கிற முதுகோடு காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தான். காத்திருக்க வேண்டியதில்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தெரிந்துவிட்டால், சேரச் சேரச் செய்துகொண்டே போகலாம்.

நான் பிடித்துக்கொண்ட விதிகள் இரண்டு. ஒவ்வொரு கட்டமும் முடிகிற அன்று அந்த அறையில் சமைக்க முடிய வேண்டும். அடுத்த கட்ட வேலை முந்தைய கட்டத்தை உடைக்கக் கூடாது.

இரண்டாவது விதியை நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கையில் கொஞ்சம் பணம் வந்த உற்சாகத்தில், அடுப்புக்குப் பின்சுவருக்கு டைல்ஸ் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. 14 மாதம் கழித்து எலக்ட்ரீஷியன் வந்து, "இந்தச் சுவரில்தான்க்கா லைன் இறக்கணும்" என்றார். ஒயருக்காகச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியதில் ஏழு டைல் போயின. அதே டைலைத் தேடினால் அதே பெயரில் கிடைக்கிறது, ஆனால் நிறம் ஒட்டவில்லை. ஒவ்வொரு தடவை சூளையில் சுடும்போதும் நிறம் கொஞ்சம் மாறும், பெட்டியின் மேல் பேட்ச் எண் அச்சடிப்பதே அதற்காகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அந்தச் சுவர் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினோம். ஒரே சுவருக்கு இரண்டு தடவை செலவு.

செலவில்லாத முதல் மாதம்

சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மாதம் சும்மா கவனியுங்கள். நான் ஒரு சின்ன நோட்டை ஆணியில் மாட்டி, கூடவே பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். கை இடித்தால், குனிந்து தேடினால், எரிச்சல் வந்தால் உடனே ஒரு வரி. மாதக் கடைசியில் 27 வரி சேர்ந்திருந்தது. படித்துப் பார்த்தால், கொத்தனார் தேவைப்படுகிற குறை அதில் ஆறுதான். மற்றதெல்லாம் இடம் மாற்றி வைத்தாலோ, ஒரு கொக்கி அடித்தாலோ, விளக்கை மாற்றினாலோ தீர்கிற விஷயங்கள்.

விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நறுக்கும்போது கண் வலிக்கிறது என்று நாலைந்து தடவை எழுதியிருந்தேன். ஒரு நாள் மாலை நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. அறையின் ஒரே விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் தலையின் நிழல் சரியாக நறுக்குகிற பலகை மேல் விழுந்துகொண்டிருந்தது. கத்தி நுனியும் விரலும் அந்த நிழலுக்குள். இத்தனை வருஷமாக இருட்டில் நறுக்கியிருக்கிறேன். அன்றைக்கே, பேட்டரியில் எரிகிற ஒரு சின்ன விளக்கை மேல் அலமாரியின் அடியில் ஒட்டினேன். நிரந்தர விளக்கு வர இரண்டு வருஷம் ஆனது, அதுவரை அதுவே போதுமாக இருந்தது.

அதே மாதம் எல்லாப் பாத்திரங்களையும் வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷமாகத் தொடாதது எங்களிடம் மூன்று அட்டைப்பெட்டி நிறைய வந்தது. அது போனதும் ஒரு அலமாரியே தேவையில்லை என்று ஆகிவிட்டது. மொத்த வேலையிலும் எனக்குப் பெரிய மிச்சம் அதுதான்.

அளவு எடுப்பது

சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு சுவரையும் தரைமட்டம், மேடைமட்டம், தலைமட்டம் என்று மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். மூலை சதுரமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மற்றதில் 120 செ.மீ. குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்காக 150 செ.மீ. வந்தால் மூலை சதுரம். எங்களுக்கு 152 வந்தது. கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனால் 60 செ.மீ. ஆழமான மேடையில் கல்லைச் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தால் முன் ஓரத்தில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் இடைவெளி நிற்கும். முன்கூட்டியே தெரிந்ததால் மூலைக்கு அட்டையில் மாதிரி வெட்டிக் கல் அறுப்பவரிடம் கொடுத்தோம்.

மேடையின் உயரத்தைக் கொத்தனாரிடம் விடாதீர்கள். அவர் வழக்கமாகக் கட்டுகிற உயரத்துக்குத்தான் கட்டுவார். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கழியுங்கள். எனக்கு முழங்கை 98 செ.மீ., ஆக மேடை 86. பழைய மேடை 76 செ.மீ.தான். என் முதுகுவலி அந்தப் 10 செ.மீ.யில் இருந்தது. சந்தேகமாக இருந்தால் பழைய மேடை மேல் பலகைகளை அடுக்கி உயர்த்தி, ஒரு வாரம் அதன் மேல் நறுக்கிப் பாருங்கள். சிங்க்குக்குக் கணக்கு வேறு. அங்கே கை வேலை செய்வது சிங்க்கின் அடிமட்டத்தில். அதனால் 25 செ.மீ. ஆழச் சிங்க்கை விட்டுவிட்டு 18 செ.மீ. ஆழமானதை எடுத்தேன்.

பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் மேடை, அடுப்பு, சிங்க் எல்லாவற்றையும் முழு அளவில் வரைந்து, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, நடந்து பாருங்கள். டிராயரை இழுத்தால் எதிரே ஆள் நிற்க முடிகிறதா, கதவு எதிலாவது இடிக்கிறதா என்பது காகிதத்தில் தெரியாது. ஒருவர் சமைக்க நடைவழி 1 மீட்டராவது வேண்டும், இரண்டு பேர் என்றால் 1.2 மீட்டர்.

இடம் சின்னது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர்தான். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே கை நீட்டுகிறார் என்று கணக்கிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் இடம் வைத்தார். எங்கள் அறை அதைவிடப் பெரியது. அதைப் படித்த பிறகு சுவரை இடித்துப் பெரிதாக்கும் யோசனையைக் கைவிட்டேன்.

இடித்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் கை வைக்காதீர்கள்.

பணத்தைப் பிரிக்கும் விதம்

நோட்டில் மூன்று பத்தி போட்டேன். சுவருக்குள் போவது, சுவரோடு ஒட்டி நிற்பது, சுவரில் மாட்டுவது. முதல் பத்தியில் பைப், ஒயர், கழிவுநீர்க் குழாய். இரண்டாவதில் மேடை, டைல்ஸ், தரை. மூன்றாவதில் அலமாரி, விளக்கு, சிம்னி. முதல் பத்தியில் மலிவு பார்க்கக் கூடாது. அங்கே மிச்சம் பிடித்த பொருள் பழுதானால் இரண்டாவது பத்தியையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதில் தாராளமாகச் சிக்கனம் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பழைய சுவரைத் திறந்தால் ஏதாவது ஒன்று காத்திருக்கும். எங்களுக்குச் சிங்க்குக்குப் பின்னால் ஓதம் ஏறிய சுவர். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு எப்போதோ விட்டிருந்தது.

சிங்க்கை முடிந்தவரை இடம் மாற்றாதீர்கள். கழிவுநீர் தானாக ஓட மீட்டருக்கு 2 செ.மீ. அளவுக்காவது வாட்டம் (சரிவு) வேண்டும். சிங்க்கை 3 மீட்டர் தள்ளி வைத்தால் குழாய் 6 செ.மீ. இறங்க வேண்டும், அதற்குத் தரையை உடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் கதவு. ஈரப் பாத்திரத்தோடு வாசலைக் கடக்கிற நிலைமை. சிங்க்கை அங்கேயே விட்டு அடுப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தோம்.

கூலி, பொருள், எந்த வேலை யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். நான் ஒருவருக்கு முன்னாலேயே முழுத் தொகையும் கொடுத்துவிட்டு, ஐந்து வாரம் ஃபோன் செய்துகொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு கடைசிப் பத்து சதவீதத்தை, எல்லாக் குழாயையும் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன்.

முதல் கட்டம்: சுவருக்குள்

இதற்குத்தான் அந்த 11 நாளில் எட்டு நாள் போனது. அடுத்த அறையில் ஒரு மேஜை, ஒற்றை அடுப்பு, இரண்டு வாளி வைத்துத் தற்காலிகச் சமையலறை போட்டோம். உடைக்கத் தொடங்குவதற்கு முதல் நாளே அங்கே ஒரு வேளை முழுசாகச் சமைத்துப் பாருங்கள். என்னென்ன எடுத்து வைக்கவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். மறுநாள் தெரிந்தால், அது தூசிக்கு அடியில் இருக்கும்.

இப்போது இருக்கிற மின்சாதனங்களோடு, அடுத்த ஐந்து வருஷத்தில் வாங்க நினைப்பதையும் பட்டியல் போட்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சூடேற்றுகிற சாதனம் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்). மின்சாரம் வெளியே கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் சாதனம் கட்டாயம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற அறை இது, உயிர் சம்பந்தப்பட்ட செலவு. அடுப்புக்கு நேர் மேலேயும் சிங்க்குக்கு நேர் மேலேயும் பிளக் பாயிண்ட் வேண்டாம்.

இன்றைக்குப் பணம் இல்லாத விஷயங்களுக்கும் இன்றைக்கே வழி போட்டு வைக்க வேண்டும். மேல் அலமாரி விளக்குக்கும் சிம்னிக்கும் காடி வெட்டி, காலிக் குழாய் புதைத்து, உள்ளே ஒரு இழுகம்பியை மட்டும் விட்டு, முனையை மூடித் தட்டால் மூடிவிட்டோம். அதற்கு ஆன செலவு மிகக் குறைவு. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பியில் ஒயரைக் கட்டி மறுமுனையில் இழுத்தபோது அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு டைல்கூட உடையவில்லை.

தண்ணீர்ப் பைப் போட்டதும் பூசிவிடச் சொல்லாதீர்கள். முனைகளை அடைத்து, அழுத்தத்தோடு தண்ணீரை நிறுத்தி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி உலர்ந்த மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குக் காய்ந்தது போலத்தான் இருக்கும். எங்களுக்கு எட்டாவது இணைப்பில், காகிதத்தில் நகத்தளவு ஈரப் பிறை விழுந்தது. பிளம்பர் பத்து நிமிஷத்தில் சரி செய்தார். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதே கசிவை ஓதமாகத்தான் பார்த்திருப்பேன், அதுவும் வருஷம் கழித்து.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுங்கள். பின்னால் அலமாரிக்குத் துளை போடும்போது, பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும். எரிவாயு இணைப்பையும் மெயின் போர்டையும் பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக் கூடாது. வீடு பழையது என்றால் பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

இரண்டாம் கட்டம்: மேடை, டைல்ஸ், தரை

ஏழு மாதம் கழித்து இதைத் தொட்டோம். மீதி மூன்று நாள் இதற்குப் போனது. அதுவரை புதுப் பூச்சுச் சுவரோடும் பழைய மேடையோடும் சமைத்தேன். அழகில்லை, ஆனால் ஒழுகவில்லை.

கல்லில் கிரானைட் சூடான பாத்திரத்தைத் தாங்கும். குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் சூடு நேரே பட்டால் நிறம் மாறும், பிரிமனை இல்லாமல் வைக்க முடியாது. லேமினேட் மேடை மலிவு, ஆனால் சிங்க் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உள்பலகை உப்பிவிடும். கல் அறுக்கிற பட்டறைகளில் பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். சின்ன மேடைக்கு அதைக் கேட்டு வாங்கலாம், எங்கள் சிங்க் பக்கத்துக் கல் அப்படி வந்ததுதான். இரண்டு கல் சேருகிற இணைப்பு சிங்க்குக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லின் முன் ஓரம் அலமாரியைத் தாண்டி 2 அல்லது 3 செ.மீ. நீட்டியிருக்க வேண்டும். அந்த நீட்டலின் அடியில், ஓரத்துக்கு இணையாக, பென்சில் தடிமனுக்கு ஒரு காடி இழுக்கச் சொல்லுங்கள். மேடையில் சிந்துகிற தண்ணீர் கல்லின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டே உள்ளே நகரும். காடி வந்ததும் மேற்கொண்டு நகர முடியாமல் துளித்துளியாகத் தரையில் விழுந்துவிடும். காடி இல்லாத மேடையில் அது அலமாரிக் கதவின் மேல் விளிம்புக்குப் போய்ச் சேரும். சமையலறைக் கதவுகள் மேலிருந்து உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கல் அறுப்பவருக்குப் பத்து நிமிஷ வேலை. கேட்டால்தான் செய்வார்கள்.

டைல்ஸை மேடையிலிருந்து 60 செ.மீ. உயரம் மட்டும் ஒட்டினோம். அதற்கு மேல் கழுவக்கூடிய பெயின்ட். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணா என்று பார்த்து, பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிச்சத்தைப் பரணில் வையுங்கள். மேடையும் சுவரும் சேருகிற மூலையில் கிரவுட் (டைல் இடைவெளியை அடைக்கிற பூச்சு) போடக் கூடாது, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிற சிலிக்கோன் பசைதான். கல்லும் சுவரும் தனித்தனியே அசையும், விறைப்பான கிரவுட் அங்கே நிச்சயம் வெடிக்கும்.

தரை டைல்ஸை அலமாரி வரப்போகிற இடத்துக்கு அடியிலும் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அலமாரியின் அளவு மாறினாலும் தரை மொட்டையாக நிற்காது.

மூன்றாம் கட்டம்: கீழ் அலமாரி

பழைய அலமாரி இருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். சிங்க்குக்கு அடியில் உள்ள பலகையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்துங்கள். உள்ளே புதைந்தால் போயிற்று என்று அர்த்தம். உறுதியாக நின்றால் பெட்டியை வைத்துக்கொண்டு கதவை மட்டும் மாற்றலாம், அல்லது பெயின்ட் அடிக்கலாம். பெயின்ட் உரிவதற்குக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவிக் காயவைத்து, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, 220-ஆல் லேசாகத் தடவி, அதன் மேல் மெல்லிசாக இரண்டு கோட்டிங். தடிமனாக ஒரே கோட்டிங் வேண்டாம். அடித்த கதவை ஒரு வாரமாவது முரட்டுத்தனமாகக் கையாளாமல் இருங்கள்.

எங்களுடையது புதைந்தது. அதனால் புதிதாகச் செய்தோம், அதையும் பிரித்துப் பிரித்து. முதலில் பெட்டிகள் மட்டும், கதவு இல்லாமல். முன்னால் ஒரு கம்பியில் துணித் திரை. எட்டு மாதம் அப்படி ஓடியது. தச்சர் முதலில் சம்மதிக்கவில்லை. "அரைகுறையா விட்டா என் பேருதான்க்கா கெடும்" என்றார். அப்புறம் அவரே ஒரு நல்ல யோசனை சொன்னார். பெட்டிகளின் அகலத்தை 45, 60, 90 செ.மீ. என்று பொது அளவில் வைத்தால், கதவை எங்கே செய்தாலும் பொருந்தும், கீலுக்கான 35 மி.மீ. குழியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அப்படியே செய்தோம்.

எல்லா இடத்துக்கும் ஒரே தரப் பலகை தேவையில்லை. சிங்க் பெட்டிக்கு மட்டும் தண்ணீர் தாங்குகிற உயர்தரப் பிளைவுட், மற்றதற்கு ஒரு படி குறைவு. எந்தப் பலகையானாலும் தண்ணீர் நுழைவது வெட்டிய விளிம்பு வழியாக. முன் விளிம்புக்கு மட்டும் பட்டை ஒட்டி, பின்னாலும் அடியிலும் மொட்டையாக விடுவது வழக்கம். எல்லா விளிம்பையும் மூடச் சொல்லுங்கள். பைப்புக்காகப் போட்ட துளையின் உள்வட்டத்தையும்கூட. நான் ஒரு விரலில் சிலிக்கோனை எடுத்து அந்த வட்டத்தை நானே தடவினேன்.

டிராயர் வசதி, ஆனால் விலை கூட. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் மூன்றடுக்கு டிராயர் ஒன்று வைத்து, மற்ற இடத்தில் சாதாரணத் தட்டு. பெட்டிக்கு அடியில் 10 செ.மீ. கால், கால்விரல் நுழைய 7 செ.மீ. உள்ளொடுக்கம். இது இல்லாவிட்டால் மேடையை ஒட்டி நிற்க முடியாமல் வளைந்து நிற்பீர்கள்.

நான்காம் கட்டம்

மேல் அலமாரி, விளக்கு, பெயின்ட். இதில் அவசரம் எதுவும் இல்லை. மேல் அலமாரி மேடையிலிருந்து 50 முதல் 60 செ.மீ. உயரத்தில், 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல். அதிகமானால் தலை இடிக்கும். கனமானது எதுவும் தோளுக்கு மேல் வேண்டாம். எல்இடி பட்டையைப் பின்சுவரை ஒட்டி வைக்காமல் அலமாரியின் முன் ஓரத்து அடியில் வையுங்கள், 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) வெளிச்சம் கண்ணை உறுத்தாது.

சிம்னி மட்டும் இன்னும் வாங்கவில்லை. அதற்கு வெளிச்சுவரில் 15 செ.மீ. விட்டத் துளை முதல் கட்டத்திலேயே போட்டாயிற்று. அடுப்புக்கு நேர் பின்னால் என்பதால் குழாய்க்கு ஒரே வளைவுதான் வரும். இப்போது துளைக்கு இரண்டு பக்கமும் மூடி, வெளிப்பக்கம் வலை. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. விட வேண்டும் என்பதால் அந்த இடத்தில் மேல் அலமாரி வைக்காமல் சுவரைக் காலியாக விட்டிருக்கிறேன். இழுகம்பி உள்ளே தயாராக இருக்கிறது. பணம் பாதி சேர்ந்துவிட்டது.